அஸ்திவாரம் நல்லா இருக்கு, தரை மட்டும் சாயுது: நடுவுல இருக்கிற மரச்சட்டத்துல எதைப் பாக்கணும்?

புதுவீட்டுக்காரன்:
மக்களே, விஷயம் தெரிஞ்சவங்க கொஞ்சம் வழி சொல்லுங்க. நாங்க வாங்கினது பழைய மரச்சட்ட வீடு. சுத்தி கான்கிரீட் அஸ்திவாரம், அதுக்கு மேல ஒரு ரெண்டடி உயரத்துக்கு குட்டையா மரச்சுவர், அதுக்கு மேல ஜாயிஸ்ட் (தரையத் தாங்க வரிசையா படுக்க வெச்ச மரம்), அப்புறம் தரை. தரைக்கு அடியில தவழ்ந்து போற அளவு இடம் இருக்கு, கீழ வெறும் மண்ணுதான். ஹால்ல இருந்து பாத்ரூம் பக்கம் நடந்தா கால் இறங்குறது நல்லா தெரியுது, பாத்ரூம் கதவு மேல நிலையில உரசுது, நிலை மூலைல இருந்து சுவர்ல குறுக்கா ஒரு விரிசல் போகுது. வந்து பாத்த ஒருத்தர் அஸ்திவாரம் இறங்கிருச்சு, சுத்தி தோண்டி பலப்படுத்தணும்னுட்டாரு. இன்னொருத்தர் அதெல்லாம் வேணாம், அடியில நாலு ஜாக்கி வெச்சு தூக்கிட்டா முடிஞ்சுதுன்னாரு. நான் வெளிய சுத்தி வந்து பாத்தேன், ரெண்டு மயிரிழை விரிசல் தவிர கான்கிரீட்ல ஒண்ணும் இல்ல. ரெண்டு பேர் சொல்றதும் ஒண்ணுக்கொண்ணு ஒட்டவே இல்ல. தப்பான இடத்துல காசக் கொட்டிரக் கூடாதுன்னு பயமா இருக்கு. எங்க இருந்து ஆரம்பிக்கிறது?

நூல்மட்டம்:
தம்பி, யாரையும் கூப்பிடுறதுக்கு முன்னாடி மொதல்ல அளந்துருங்க. ரசமட்டம் போதாது, அது ஒரு இடத்துல சாய்வு இருக்கான்னுதான் சொல்லும், எவ்வளவு தூரத்துக்கு எவ்வளவுன்னு சொல்லாது. டியூப் லெவல் (தண்ணி நிரப்பின குழாய்) இல்லன்னா லேசர் லெவல் எடுத்துக்கங்க. ஒரு பேப்பர்ல வீட்டோட பிளான் போட்டு, நாலடிக்கு ஒரு புள்ளி வெச்சு ஒவ்வொரு புள்ளிலயும் தரை எத்தனை நூல் இறங்கிருக்குன்னு எழுதுங்க (8 நூல் ஒரு இஞ்ச், தெரியாதவங்களுக்காக சொல்றேன்). டைல்ஸ் தடிமன், மரத்தரை தடிமன் வித்தியாசத்த கழிச்சிருங்க, இல்லன்னா கணக்கு குழப்பும்.

அந்தப் படத்தப் பாத்தாலே பாதி தெரிஞ்சிரும். ஓரத்துல ஒரு மூலை மொத்தமா இறங்கிருந்தா அஸ்திவாரத்தயோ அதுக்கு மேல படுத்திருக்கிற சில் பிளேட்டயோ சந்தேகப்படணும். ஓரமெல்லாம் சரியா இருந்து வீட்டு நடுவுல நீளவாக்குல பள்ளம்னா நடு பீம், இல்ல அதைத் தாங்குற போஸ்ட். ஒரே ஒரு ரூமுக்குள்ள கிண்ணம் மாதிரி பள்ளம்னா அங்க ஜாயிஸ்ட்டுக்கு ஏதோ ஆகியிருக்கு, அதுவும் பாத்ரூம்னு சொல்றீங்க, எனக்கு அதுலதான் சந்தேகம்.

கைவேலை:
ப்ரோ ரொம்ப யோசிக்காதீங்க. திருகு வெச்ச ஸ்டீல் போஸ்ட் ரெடிமேடா கிடைக்குது, இறங்கின இடத்துல பீமுக்கு அடியில நாலு நிறுத்தி கொஞ்சம் கொஞ்சமா முறுக்கினா தரை ஏறிரும். மண்ணு மேல ஒரு கான்கிரீட் பிளாக் வெச்சுக்கங்க, அது போதும். எஞ்சினியர கூப்பிட்டா சின்ன வேலைய பெரிய வேலையாக்கிருவாங்க.

அடிமரம்:
கைவேலை சார் சொல்றத அப்படியே செய்யாதீங்கன்னு கேட்டுக்கறேன், காரணத்தோட சொல்றேன். நான் ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர், இந்த மாதிரி வீடுங்களுக்கு அடியில நிறைய தவழ்ந்திருக்கேன்.

வீட்டோட சுமை கூரைல இருந்து சுவர், தரை, ஜாயிஸ்ட், பீம், போஸ்ட், ஃபுட்டிங்னு (போஸ்ட்டுக்கு அடியில மண்ணுல இருக்கிற அகலமான கான்கிரீட் பாதம்) ஒண்ணு மேல ஒண்ணா இறங்கி மண்ணுக்குப் போகுது. ஓரத்துல அதே சுமை ஜாயிஸ்ட், குட்டைச்சுவர், சில் பிளேட், அஸ்திவாரம்னு போகுது. தரை சாயுதுன்னா இந்த வரிசைல ஏதோ ஒரு கண்ணி நசுங்கிருக்கு, அழுகிருக்கு, அறுபட்டிருக்கு, இல்ல கழண்டு தள்ளி நிக்குது. எந்தக் கண்ணின்னு கண்டுபிடிக்காம மேல தெரியிற சரிவ மட்டும் தூக்கினீங்கன்னா சுமை வேற ஒரு இடத்துக்கு மாறும், அந்த இடம் அதுக்காக கட்டினது இல்ல. முக்கால்வாசி வீடுகள்ல நான் பாத்தது, அஸ்திவாரக் கான்கிரீட் நல்லா இருக்கும், மேல தரையும் நல்லா இருக்கும், ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற மூணடி மரத்துலதான் மொத்த வியாதியும். அங்க இருட்டு, ஈரம், யாரும் எட்டிப் பாக்கறது இல்ல.

அடியில போனா எதெல்லாம் பாக்கணும்னு சொல்றேன்.

சில் பிளேட். அஸ்திவாரத்து மேல நேரா படுத்திருக்கிற மரம் இதுதான், அதனால முதல்ல ஈரம் குடிக்கிறதும் இதுதான். ஒரு திருப்புளிய எடுத்து குத்திப் பாருங்க. நல்ல மரம்னா நுனி லேசா இறங்கி நிக்கும், பிடுங்கும்போது நீளமா நார் கிளம்பும். அழுகினதுன்னா கால் இஞ்ச், அரை இஞ்ச் சத்தமில்லாம உள்ள போகும், சின்னச் சின்னக் கட்டியா உதிரும். மேல்பக்கம் பெயின்ட் அடிச்ச மாதிரி சுத்தமா இருந்தாலும் நம்பாதீங்க, கான்கிரீட்ட ஒட்டின அடிப்பக்கத்தக் குத்துங்க. ஈரப்பதமானி இருந்தா இன்னும் நல்லது, 19, 20 சதவீதத்துக்குள்ள இருந்தா மரம் பிழைச்சுக்கும், 28 கிட்ட தாண்டிருச்சுன்னா பூஞ்சைக்கு விருந்து.

ரிம் ஜாயிஸ்ட். ஜாயிஸ்ட்டுங்க முனைய மூடி வெளிச்சுவர் ஓரமா ஓடுற பலகை. வெளிய மரத் திண்ணையோ டெக்கோ வீட்டோட சேத்து போல்ட் போட்டிருந்தா அந்த இடத்துக்குப் பின்னாடி கட்டாயம் குத்திப் பாருங்க. மழைத்தண்ணி உள்ள போகாம தகடு மடிச்சு விட்டிருக்கணும், பல வீட்டுல அத விட்டிருப்பாங்க, தண்ணி போல்ட் ஓட்டை வழியா நேரா ரிம்முக்குள்ள போகும்.

ஜாயிஸ்ட்டு முனை எதுல உக்காந்திருக்கு, எவ்வளவு உக்காந்திருக்கு. மரத்து மேலன்னா குறைஞ்சது 1 1/2 இஞ்ச், கான்கிரீட் மேலன்னா 3 இஞ்ச்னு அமெரிக்காவுல இருக்கிற ஐஆர்சி வீட்டு விதி சொல்லுது. பீம் முனை கான்கிரீட் பொந்துக்குள்ள போயிருந்தா மேல, பக்கத்துல, முனைல அரை இஞ்ச் காத்து இடம் விட்டிருக்கணும், சிமென்ட் பூசி அடைச்சிருந்தா அந்த முனை அழுகிருக்கும்னு முக்கால் பங்கு நம்பிக்கையோட சொல்லலாம்.

போஸ்ட். தூக்குகுண்டு விட்டுப் பாருங்க, நேரா நிக்குதா. அடியில ஃபுட்டிங் இருக்கா, இல்ல செங்கல அடுக்கி மேல மரக்கட்டைய சொருகி வெச்சிருக்காங்களா. போஸ்ட்டுக்கும் பீமுக்கும் நடுவுல தகடோ கிளிப்போ இருக்கா, வெறும் சாய்வு ஆணி மட்டும்தானா.

அப்புறம் கரையான். அஸ்திவாரச் சுவர்ல பென்சில் தடிமனுக்கு மண்ணுக்குழாய் ஏறிருந்தா உடைச்சுப் பாருங்க, ஒரு போட்டோவும் எடுத்து வைங்க.

செவ்வந்தி:
அடியில போறதப் பத்தி ஒரு வார்த்தை. தனியா போகாதீங்க, வெளிய ஒருத்தர் வாசல்லயே இருக்கணும், அப்பப்ப பேச்சுக் குடுத்துக்கிட்டே இருங்க. நல்ல மாஸ்க், முழங்கால் பட்டை, தலையில கட்டுற லைட், எலிப் புழுக்கை நிறைய கிடக்கும் அதனால கையுறை. மின்சார ஒயர் தொங்கிக்கிட்டு இருந்தா, மண்ணும் ஈரமா இருந்தா மெயின ஆஃப் பண்ணிட்டுப் போங்க. எந்தப் போஸ்ட்டயும் ஆட்டிப் பாக்காதீங்க, எந்த ஆப்பையும் தட்டிப் பாக்காதீங்க. போறது பாக்குறதுக்கு மட்டும்தான்.

புதுவீட்டுக்காரன்:
அளந்துட்டேன், மச்சானோட அடியிலயும் போயிட்டு வந்துட்டேன். சொன்ன வரிசைலயே எழுதறேன்.

ஓரம் முழுக்க ஒரு நூல், ஒண்ணரை நூலுக்குள்ளதான் வித்தியாசம், வடக்கு ஓரத்துல பாத்ரூம் இருக்கிற பத்தடி மட்டும் 5 நூல் இறங்கிருக்கு. பாத்ரூம் நடுவுல 10 நூல். வீட்டு நடு பீம் லேசா பள்ளம், 3 நூல்.

பாத்ரூமுக்கு அடியில டாய்லெட் பைப் போறதுக்காக ரெண்டு ஜாயிஸ்ட்ட மேல இருந்து வெட்டிருக்காங்க. ஜாயிஸ்ட் ஆழம் 9 1/4 இஞ்ச், வெட்டு 4 இஞ்ச். வெட்டோட உள்மூலைல இருந்து மரம் நீளவாக்குல பிளந்து போயிருக்கு, கை விரல் நகம் உள்ள போகுது. தரைப் பலகை அந்த இடத்துல கறுத்து நனைஞ்சு கிடக்கு, டாய்லெட் அடி கசிஞ்சிருக்கணும். வடக்கு ஓரத்து சில் பிளேட்டுல திருப்புளி அப்படியே போயிருச்சு. அந்தப் பக்கம் வெளிய மண்ணு மேடு, சில் பிளேட் உயரத்துக்கே மண்ணு வந்து நிக்குது. நடு பீமுக்குக் கீழ ஒரு போஸ்ட் செங்கல் மேல நிக்குது, செங்கல் ஒரு பக்கமா மண்ணுல புதைஞ்சிருக்கு, போஸ்ட்டுக்கும் பீமுக்கும் நடுவுல மர ஆப்பு மூணு நாலு சொருகிருக்காங்க. சில் பிளேட்டுல போல்ட் எங்கயும் என் கண்ணுல படல.

நூல்மட்டம்:
ரொம்ப நல்லா பாத்திருக்கீங்க தம்பி. இந்தக் கணக்கோட இனி யாரு வந்தாலும் உங்கள சுத்தி தோண்டுன்னு ஏமாத்த முடியாது. அஸ்திவாரம் இறங்கிருந்தா கான்கிரீட் மேல்விளிம்பே சாஞ்சிருக்கணும். வடக்கு ஓரத்துல கான்கிரீட் மேல்விளிம்பயும் ஒரு தடவ லேசர் வெச்சு பாத்துருங்க, அது மட்டமா இருந்து தரை மட்டும் 5 நூல் இறங்கிருந்தா நசுங்கினது சில் பிளேட்தான், சந்தேகமே வேணாம்.

நடு பீம் 3 நூல்ல கொஞ்சம் மரம் காஞ்சதாலயும் இருக்கலாம். மரம் நீளவாக்குல சுருங்காது, குறுக்கால சுருங்கும், ஈரம் 4 சதவீதம் குறைஞ்சா அகலம் ஒரு சதவீதம் குறையும்னு சுமாரா கணக்கு. நடுவுல பீம் மேல ஜாயிஸ்ட் ஏறி உக்காந்திருந்தா அங்க படுக்கை மரத்தோட மொத்த உயரம் ஓரத்த விட அதிகம், அதனால பச்சை மரத்துல கட்டின வீட்டுல நடு மட்டும் ஒண்ணு ரெண்டு நூல் கூடுதலா இறங்கும், ஆரம்ப வருசங்கள்லயே நின்னும் போயிரும். அதத் தூக்கவே வேணாம். மிச்சம்தான் அந்தச் செங்கல் போஸ்ட்டோட வேலை.

அடிமரம்:
உங்க வீட்டுல ஒண்ணுக்கு மூணு பிரச்சனை ஒரே இடத்துல சேந்திருக்கு, அதான் ரெண்டு பேர் ரெண்டு விதமா சொன்னாங்க.

ஜாயிஸ்ட் வெட்டு. 9 1/4 இஞ்ச்ல 4 போனா மிச்சம் 5 1/4. மரத்தோட வலு ஆழத்தோட வர்க்கமா போகும், விறைப்பு ஆழத்தோட மும்மடியா (கியூப்) போகும். கணக்குப் போட்டா வெட்டின இடத்துல வலு மூணுல ஒரு பங்குதான் மிச்சம், விறைப்பு அஞ்சுல ஒரு பங்கு கூட இல்ல. ஐஆர்சில வெட்டோட ஆழம் ஜாயிஸ்ட் ஆழத்துல ஆறுல ஒண்ணுக்கு மேல போகக் கூடாது, அதாவது ஒன்றரை இஞ்ச். நடு மூணுல ஒரு பாகத்துல வெட்டவே கூடாது. ஓட்டை போட்டாலும் ஆழத்துல மூணுல ஒண்ணுதான், மேல் கீழ் விளிம்புல இருந்து 2 இஞ்ச் தள்ளி. இதுல ஒண்ணு பாருங்க, 3 இஞ்ச் கழிவு பைப்போட வெளி விட்டமே 3 1/2 இஞ்ச், உங்க ஜாயிஸ்ட்டுல அனுமதி 3 இஞ்சுக்கு கொஞ்சம் மேல. அப்போ அந்த பைப் இந்த ஜாயிஸ்ட்ட எப்படியும் குறுக்கா கடக்க முடியாது. பைப்ப ஜாயிஸ்ட்டுக்கு இணையா திருப்பணும், இல்ல அந்த ஜாயிஸ்ட்ட முறைப்படி வெட்டி ரெண்டு பக்கமும் குறுக்கு மரம் போட்டு சுமைய பக்கத்து ஜாயிஸ்ட்டுக்கு மாத்தணும், அந்தப் பக்கத்து ஜாயிஸ்ட்ட இரட்டையாக்கணும். பைப்ப அப்படியே விட்டுட்டு பக்கத்துல ஒரு துண்டு மரத்த ஒட்ட வைக்கிறது தீர்வே இல்ல.

சில் பிளேட். அழுகின மரத்த மாத்தறது ரெண்டாவது, மண்ண இறக்குறதுதான் மொதல்ல. மரத்துக்கும் வெளி மண்ணுக்கும் 8 இஞ்ச் இடைவெளி இல்லாத இடத்துல, அழுகாம இருக்க மருந்து ஏத்தின மரம்தான் போடணும்னு விதி, உங்களுக்கு இடைவெளியே இல்ல. மேட்ட வெட்டி, மழைத்தண்ணி வீட்ட விட்டு விலகி ஓடுற மாதிரி சரிவு குடுத்து, கூரைத் தண்ணிய தூரமா விடுங்க. இத செய்யாம புது சில் போட்டீங்கன்னா அதுவும் அதே மாதிரி ஈரம் குடிக்கும்.

போஸ்ட். கைவேலை சார், இங்கதான் நான் முரண்படறேன். அந்தச் செங்கல் புதைஞ்சதுக்குக் காரணமே சுமை போதுமான பரப்புல மண்ணுக்குப் பரவாததுதான். அதே மண்ணுல ஒரு பிளாக் வெச்சு திருகு போஸ்ட் நிறுத்தினா அதுவும் புதையும். அடியில தளம் போட்டிருந்தாலும் அது 2, 4 இஞ்ச் தடிமன்தான், போஸ்ட்டோட முனை அத ஓட்டை போட்டுரும். எவ்வளவு சுமை, என்ன மண்ணுன்னு பாத்து தோண்டி ஃபுட்டிங் போட்டு அது மேல நிக்கணும். குளிர்ல மண்ணு உறையிற ஊர்னா உறையிற ஆழத்துக்குக் கீழ போகணும்.

கைவேலை:
ஃபுட்டிங் விஷயம் ஒத்துக்கறேன் சார். ஆனா தூக்குறதே வேணாங்கிற மாதிரி பேசறீங்களே, தூக்காம எப்படி சில் பிளேட்ட உருவறது?

நூல்மட்டம்:
தூக்கணும், ஆனா எப்போ எவ்வளவுன்னு இருக்குல்ல. தூக்குறதுக்கு ஹைட்ராலிக் ஜாக்கி, நிறுத்தி வைக்கிறதுக்கு திருகு ஜாக்கி இல்லன்னா குறுக்கு நெடுக்கா அடுக்கின கனமான கட்டை. ஹைட்ராலிக் மேல சுமைய விட்டுட்டு அடியில ஆள் போகவே கூடாது, எண்ணெய் சீல் போனா ஒரு நொடி போதும். ஜாக்கிக்கு அடியிலயும் அகலமா பலகை போடணும். அழுகின பக்கத்து ஜாயிஸ்ட்டுங்களுக்குக் குறுக்கா ஒரு தற்காலிக பீம் விட்டு மொத்தமா ஏத்தணும், ஒத்தை ஜாயிஸ்ட்டக் குத்திட்டு நிறுத்தக் கூடாது.

வேகம் ரொம்ப முக்கியம். ஒரு நாளைக்கு ஒரு நூல், அதுக்கு மேல வேணாம், பழைய பூச்சுச் சுவர்னா வாரத்துக்கு ஒரு நூல்னு போறவங்களும் உண்டு. அந்த வீடு வருசக்கணக்கா வளைஞ்சு வளைஞ்சு அந்த வடிவத்துக்குப் பழகிருக்கு, மேல இருக்கிற சுவர், கதவு, ஜன்னல், பைப் எல்லாம் அதோட சேந்து நகர்ந்திருக்கு. சட்டுனு ஏத்தினா மேல டைல்ஸ் வெடிக்கும், கழிவு பைப் ஜாயின்ட் கழளும். தூக்குறதுக்கு முன்னாடி பைப் எல்லாம் எங்கெங்க இறுக்கமா கட்டிருக்குன்னு பாத்து தளர்த்தி விடுங்க. மரம் நெரியிற சத்தம் கேட்டா அன்னைக்கு அதோட நிறுத்துங்க. முழு மட்டத்துக்கு கொண்டு வந்தே ஆகணும்னு பிடிவாதம் வேணாம், 10 நூல் இறங்கினது 3 நூலுக்கு வந்து அங்கயே நிலைச்சா அது நல்ல வேலை.

அப்புறம் அந்த மர ஆப்பு. சுமைக்கு அடியில மெல்லிசு மர ஆப்பு நசுங்கிக்கிட்டே இருக்கும். இடைவெளிய நிரப்பணும்னா ஸ்டீல் தகடு, இல்ல காயும்போது சுருங்காத கிரவுட் (ஊத்தி நிரப்புற சிமென்ட் கலவை).

மலையோரம்:
இடையில பூந்து கேக்கறதுக்கு மன்னிக்கணும். எங்க வீடும் இதே மாதிரி குட்டை மரச்சுவர் மேலதான் நிக்குது, நிலநடுக்கம் வர்ற பகுதி. தரை மட்டமா இருக்கு, அழுகல் எதுவும் இல்ல. அப்போ எங்களுக்குப் பிரச்சனை இல்லன்னு எடுத்துக்கலாமா?

அடிமரம்:
எடுத்துக்கக் கூடாது. நல்ல கேள்வி, இதத் தனியாவே பேசணும். இவ்வளவு நேரம் பேசினதெல்லாம் மேல இருந்து கீழ இறங்குற சுமை. நிலநடுக்கத்துல சுமை பக்கவாட்டுல வரும். மண்ணு அஸ்திவாரத்த ஒரு பக்கம் இழுக்கும், மேல வீடு இருந்த இடத்துலயே நிக்கப் பாக்கும், நடுவுல இருக்கிற குட்டைச்சுவர்தான் ரெண்டையும் சேத்துப் பிடிக்கணும். அதுல வெறும் ஸ்டட் மரமும் (சுவருக்குள்ள செங்குத்தா நிக்கிற மரம்) வெளிய கிடைமட்டமா அடிச்ச பலகையும் மட்டும் இருந்தா, சதுரமா நிக்கிற சட்டம் சாய்சதுரமாகி மடங்கிரும், வீடு அந்தச் சுவர் உயரத்துக்கு அப்படியே தொப்புனு இறங்கும். கேஸ் குழாய் அறுந்து தீப்பிடிக்கிறதும் இதோட சேந்து வரும்.

இது கற்பனை இல்ல. கலிஃபோர்னியாவுல 1971 சான் ஃபெர்னாண்டோ, 1983 கோலிங்கா, 1989 லோமா பிரியெட்டா, 1994 நார்த்ரிட்ஜ், 2014 தென் நாபா, எல்லா நிலநடுக்கத்துலயும் திரும்பத் திரும்ப பாத்த ஒரே மாதிரி சேதம் இது. மேல சுவரும் கூரையும் முழுசா இருக்கும், வீடு மட்டும் அஸ்திவாரத்த விட்டு நழுவிக் கிடக்கும். அதனாலதான் அங்க பழைய வீடுகளுக்கு போல்ட்டும் பிளைவுட்டும் போட்டுக்க மானியத் திட்டமே வெச்சிருக்காங்க.

செய்ய வேண்டியது ரெண்டு. சில் பிளேட்ட அஸ்திவாரத்தோட போல்ட் போட்டுப் பிடிக்கணும், குட்டைச்சுவருக்கு உள்பக்கம் ஸ்ட்ரக்சுரல் பிளைவுட் அடிக்கணும். புது வீட்டுக்கு ஐஆர்சி சொல்றது அரை இஞ்ச் போல்ட், கான்கிரீட்டுக்குள்ள 7 இஞ்ச், 6 அடிக்கு ஒண்ணு, ஒவ்வொரு துண்டு சில் பிளேட்டுக்கும் குறைஞ்சது ரெண்டு, முனைல இருந்து 12 இஞ்சுக்குள்ள ஒண்ணு. நிலநடுக்கப் பகுதில நட்டுக்குக் கீழ 3 இஞ்ச் சதுரத் தகடு வாஷர், ரெண்டு நூல் தடிமன் கிட்ட. சாதா வட்ட வாஷர்னா சில் பிளேட் நீளவாக்குல பிளக்கும். பழைய வீட்டுல துளை போட்டு வைக்கிற போல்ட்டுக்கு கான்கிரீட் நல்லா இருந்தா விரியிற வகை போதும், உதிர்ற பழைய கான்கிரீட்டுன்னா எபாக்சி பசை. எபாக்சி போடும்போது துளைக்குள்ள இருக்கிற தூசிய ஊதி, பிரஷ் விட்டு, திரும்ப ஊதணும். தூசி இருந்தா எபாக்சி தூசியத்தான் பிடிக்கும், கான்கிரீட்டப் பிடிக்காது.

எஞ்சினியர் கணக்கு இல்லாம ரெடிமேட் வரைபடத்த வெச்சு செய்யிறது குட்டைச்சுவர் 4 அடி உயரத்துக்குள்ள இருந்தா மட்டும்தான். சரிவான இடத்துல ஒரு பக்கம் எட்டடி, பத்தடின்னு போற வீட்டுக்கு எஞ்சினியர் கணக்கு போட்டே ஆகணும். அழுகின மரத்து மேல இதெல்லாம் செய்யவும் கூடாது.

செவ்வந்தி:
இந்த பிளைவுட் வேலைல எங்க வீட்டுல நடந்தத சொல்லியே ஆகணும், யாருன்னு பேர் வேணாம். வேலை முடிஞ்சு பாக்க பளபளன்னு இருந்துச்சு. எனக்கு திருப்தி இல்லாம வேற ஒரு எஞ்சினியர வரவெச்சேன். அவர் லைட்ட அடிச்சுப் பாத்துட்டு மூணு விஷயம் காமிச்சாரு. ஒண்ணு, ஆணி கன் அழுத்தம் அதிகமா வெச்சு அடிச்சதுல ஆணித் தலை பிளைவுட்டோட மேல் அடுக்கக் கிழிச்சுக்கிட்டு உள்ள போயிருச்சு, அப்படிப் போனா பிடிமானம் குறைஞ்சிரும், தலை பரப்போட சமமா நிக்கணும். ரெண்டு, எங்க சில் பிளேட் 6 இஞ்ச் அகலம், ஸ்டட் 4 இஞ்ச், அதனால பிளைவுட்டோட அடி விளிம்புக்குப் பின்னாடி சில் பிளேட்டே இல்ல, காத்துதான். ஸ்டட்டுங்களுக்கு நடுவுல சில் மேல கட்டை வெச்சு அந்தக் கட்டைய சில்லோட ஆணி அடிச்சு, அப்புறம் பிளைவுட்ட அந்தக் கட்டையில அடிச்சிருக்கணும். கட்டை பிளக்காம இருக்க முன்கூட்டியே துளை போடணும். இவங்க எதுவுமே போடல. மூணு, காத்தோட்ட ஓட்டையே விடல, ரெண்டு பலகைக்கும் நடுவுல ஈரம் அடைஞ்சு கிடந்துச்சு. ஒவ்வொரு ஸ்டட் இடைவெளிலயும் மேலயும் கீழயும் ஒரு 2, 3 இஞ்ச் வட்ட ஓட்டை வேணும். மொத்தத்தையும் பிரிச்சு திரும்பச் செய்ய வேண்டியதாப் போச்சு. அதனால மூடுறதுக்கு முன்னாடி போட்டோ கேளுங்க, நீங்களே போய் ஆணி வரிசையத் தொட்டுப் பாருங்க, ஓரத்துல 4 இஞ்சுக்கு ஒரு ஆணி இருக்கான்னு எண்ணுங்க.

தென்றல்:
ஈரத்துக்கு சுவர்ல ஜன்னல் மாதிரி வென்ட் நிறைய வெச்சா போதாதா? 150 சதுர அடிக்கு ஒரு சதுர அடி வென்ட்னு படிச்சேன்.

நூல்மட்டம்:
தென்றல், அந்தக் கணக்கு உண்மைதான், ஆனா புழுக்கமான ஊருக்கு அது எதிர்மாறாவும் வேலை செய்யும். வெளிக்காத்து 30 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம்னு வைங்க, அந்தக் காத்து 24 டிகிரிக்குக் கீழ எதத் தொட்டாலும் அங்க தண்ணியா படியும். ஏசி ஓடுற வீட்டோட தரையும் ஜாயிஸ்ட்டும் அடி மண்ணும் 21, 22லதான் இருக்கும், வென்ட் வழியா நீங்களே தண்ணிய உள்ள கூப்பிடுற மாதிரி ஆயிரும். எந்த ஊரா இருந்தாலும் மண்ண மூடுறது முதல் வேலை. 6 மில் (ஒரு மில்னா இஞ்சுல ஆயிரத்துல ஒரு பங்கு) தடிமன் பாலித்தீன், ஒண்ணு மேல ஒண்ணு 6 இஞ்ச் ஏத்தி, ஜாயின்ட்ட டேப் ஒட்டி, சுவர்லயும் 6 இஞ்ச் ஏத்தி ஒட்டணும். அதுக்கப்புறம் வென்ட்ட வெக்கிறதா, முழுசா அடைச்சு ஈரம் உறிஞ்சுற மெஷின் வெக்கிறதான்னு ஊரோட தட்பவெப்பத்த பாத்து முடிவு பண்ணலாம்.

புதுவீட்டுக்காரன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. கான்கிரீட் மேல்விளிம்ப அளந்துட்டேன், வடக்குப் பக்கமும் மட்டமாதான் இருக்கு, அரை நூல் கூட வித்தியாசம் இல்ல. சுத்தி தோண்டச் சொன்னவர்கிட்ட வேணாம்னு சொல்லிட்டேன். ஒரு ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர் வரப்போறாரு. மேட்டு மண்ண வெட்ட ஆரம்பிச்சாச்சு, டாய்லெட் கசிவயும் அடைச்சாச்சு.

ஒரு சந்தேகம், சில் பிளேட் மாத்த வர்ற கான்ட்ராக்டர் பழைய ஆணியும் கையில இருக்கிற சாதா போல்ட்டும் போதும்ங்கறாரு, புது மரம் மருந்து ஏத்தினது. அடுத்தது, பத்தடியையும் ஒரே தடவைல உருவிரலாம்ங்கறாரு.

அடிமரம்:
ரெண்டுக்கும் வேணாம்னு சொல்லுங்க.

இப்ப வர்ற மருந்து ஏத்தின மரத்துல செம்பு அதிகம், சாதா இரும்ப அது சீக்கிரம் அரிச்சிரும். சூடான துத்தநாகத்துல முக்கி எடுத்த ஆணி, போல்ட், வாஷர், இல்லன்னா ஸ்டெயின்லெஸ். ஜாயிஸ்ட் ஹேங்கர் (ஜாயிஸ்ட் முனையத் தாங்குற இரும்புத் தொட்டில்) போட்டா ஹேங்கர் கம்பெனி சொன்ன ஆணிய எல்லா ஓட்டைலயும் அடிக்கணும், ஜிப்சம் போர்டுக்கு போடுற கறுப்பு ஸ்க்ரூ போடவே கூடாது, அது வளையாம முறியும்.

பத்தடியையும் ஒரே நேரத்துல எடுக்காதீங்க. தற்காலிக பீம் நல்லா நின்ன பிறகு மூணு, நாலடித் துண்டா எடுத்து, புதுத் துண்டு வெச்சு, அடியில கிரவுட் நிரப்பி, போல்ட் போட்டுட்டு அடுத்த துண்டுக்குப் போகச் சொல்லுங்க. துண்டு முனைங்க ஸ்டட்டுக்கு நேர் கீழ வராம ரெண்டு ஸ்டட்டுக்கு நடுவுல வரட்டும். சில்லுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவுல ஃபோம் கேஸ்கெட் ஒண்ணு போட்டா ஈரம் மேல ஏறாது, ஆனா கிரவுட் போடுற இடத்துல ரெண்டும் எப்படி சேரணும்னு எஞ்சினியர்கிட்ட வரைஞ்சு வாங்கிக்கங்க. குட்டைச்சுவர் ஸ்டட்டுங்களோட அடிமுனையும் ஒவ்வொண்ணா குத்திப் பாருங்க, சில் அழுகின இடத்துல ஸ்டட்டும் ஒரு ரெண்டு இஞ்ச் அழுகிருக்கும், புது சில் மேல அழுகின கால நிறுத்தாதீங்க. பாத்ரூம் ஜாயிஸ்ட் வேலை இந்த ஓரம் உறுதியான பிறகுதான், ஏன்னா புதுசா சேக்கிற ஜாயிஸ்ட்டோட வடக்கு முனை அந்த சில் வழியாதான் சுமைய இறக்கணும். பக்கத்துல ஒட்டிப் போடுற மரம் முடிஞ்ச வரைக்கும் முழு நீளமா ரெண்டு முனையிலயும் தாங்கு மேல ஏறி உக்காரணும்.

எஞ்சினியர் வரும்போது உங்க அளவுப் படத்த அவர் கையில குடுங்க, நட்டு வெளிய தெரியாம சில் பிளேட்டுக்குள்ள புதைஞ்ச பழைய போல்ட் ஏதாவது இருக்கான்னும் அவரோட சேந்து ஒரு தடவ பாத்துருங்க.